பண்டிகைச் சாப்பாட்டை வீடற்றவர்களோடு பகிரும் குடும்ப வழக்கம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: "ஒவ்வொரு பண்டிகைக்கும் வீட்டில் நிறையச் சமைக்கிறோம். இந்த வருடம் முதல் வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களுக்கும் கொடுத்து, அதைக் குடும்ப வழக்கமாகவே ஆக்கிக்கொள்ள ஆசை. எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப் போகலாமா? என்ன சமைப்பது? ஒருநாள் சாப்பாடு போடுவதால் அவர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?"

தாராளமாகத் தொடங்குங்கள். வீடற்றவர்களுக்கான தங்குமிடம் ஒன்றின் சமையலறையில் பல வருடங்களாக இருக்கிறேன். பண்டிகைக் காலத்தில் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் ஒரு வருடம் வந்ததோடு சரி. சிலருடைய பிள்ளைகள் வளர்ந்து, இப்போது தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அப்படி நிலைத்து நின்ற குடும்பங்களிடம் ஒரு பொதுவான பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன்: அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் போய்க் கேட்டுவிடுவார்கள். யார் இருக்கிறார்கள், எந்த நாளில் சாப்பாடு கிடைப்பதில்லை, எதைச் சாப்பிட முடியும் என்று விசாரித்துவிட்டுத்தான் சமைப்பார்கள். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தக் கேட்பதைப் பற்றித்தான்.

முதலில், யாருக்கு? வீடற்றவர் என்றதும் நடைபாதையில் போர்த்திப் படுத்திருப்பவர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார். இரவுத் தங்குமிடங்களில் இருப்பவர்கள், வண்டிக்குள்ளேயே தூங்குகிறவர்கள், பேருந்து நிலையத்தில் பயணி மாதிரி உட்கார்ந்தே இரவைக் கழிப்பவர்கள், இன்று ஒரு சொந்தக்காரர் வீடு நாளைக்கு ஒரு நண்பர் வீடு என்று மாறிக்கொண்டே இருப்பவர்கள் எல்லோருமே இதில் சேர்த்தி. சின்னப் பிள்ளைகளோடு இருக்கும் பெண்கள் பெரும்பாலும் கண்ணில் படவே மாட்டார்கள். பயத்தினால் மறைவான இடமாகப் பார்த்துத்தான் தங்குவார்கள். ஆகவே, நம் வழியில் தென்படுகிறவர்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். அவர்களிடம் போய்ச்சேர ஒரு தங்குமிடமோ, தினசரி உணவு கொடுக்கும் குழுவோதான் வழிகாட்ட முடியும்.

அதனால் முதல் வருடம் அப்படி ஓர் அமைப்போடு சேர்ந்து செய்வதுதான் நல்லது என்பேன். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு, "எங்களால் இத்தனை பேருக்குச் சமைக்க முடியும், எந்த நாள் உங்களுக்குத் தேவை?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். வீட்டில் சமைத்ததை வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை, எங்கள் சமையலறையிலேயே வந்து சமையுங்கள் என்பார்கள். சாப்பாடு போதுமான அளவு இருக்கிறது, புதுக் காலுறையும் உள்ளாடையும் கிடைத்தால் பெரிய உதவி என்பார்கள். இதைக் கேட்டு மனம் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. நம் கையால் சமைத்ததைக் கொடுக்க முடியவில்லையே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் தினமும் நடக்கிற மனிதருக்குக் காலுறை எவ்வளவு முக்கியம் என்பது ஈரக் காலோடு ஒரு நாள் நடந்து பார்த்தால் தெரியும். அவர்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டு, சமையலுக்கு வேறு ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த "வேறு ஒரு நாள்" என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். பெரிய பண்டிகை நாளில் எல்லோருக்கும் ஒரே எண்ணம் வருகிறது. காலையிலிருந்து வண்டி வண்டியாகச் சாப்பாடு வந்து இறங்கும். ஒரே மனிதரின் கையில் மதியத்துக்குள் மூன்று நான்கு பொட்டலங்கள் சேர்ந்துவிடும். அவரிடம் குளிர்சாதனப் பெட்டி கிடையாது, வைக்க இடம் கிடையாது. சாயங்காலத்துக்குள் பாதி வீணாகும். அதற்கு மறுநாளும் அடுத்த வாரமும் யாரும் வரமாட்டார்கள். விடுமுறை என்பதால் பகல்நேர மையங்கள், நூலகம், சில இடங்களில் பொதுக் கழிப்பறைகூட மூடியிருக்கும். வழக்கமாகச் சில்லறை வேலை கொடுக்கும் கடைகளும் திறந்திருக்காது. பண்டிகை முடிந்த பிறகு வரும் அந்த நாட்கள்தான் தெருவில் இருப்பவர்களுக்கு உண்மையில் பசியான நாட்கள்.

ஆகவே என் யோசனை: பண்டிகை அன்று சிறிதாக, பண்டிகை கழிந்து மூன்றாம் நான்காம் நாளில் பெரிதாகச் செய்யுங்கள். பண்டிகை அன்று நீங்கள் செய்த இனிப்பில் கொஞ்சம், ஒரு வாழ்த்து, கொஞ்ச நேரப் பேச்சு. அதுவே போதும். வயிறு நிறையப் போடும் சாப்பாட்டை ஆள் வராத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இதை விளக்கினால் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். சொல்லப்போனால் பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். "பண்டிகை அன்றைக்குக் கொடுத்தால்தானே புண்ணியம்" என்பார்கள்.

அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேண்டாம். பண்டிகையில் இல்லாதவருக்கும் பங்கு உண்டு என்பது பல சமயங்களில் பண்டிகைக்குள்ளேயே வைக்கப்பட்ட விதி. ரமலான் முடிவில் கொடுக்கும் ஃபித்ரா, பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவரும் அன்று மற்றவர்களைப் போலப் பெருநாள் கொண்டாட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நேரக் கணக்கு. யூதர்களின் பூரிம் திருநாளில் குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது கொடுத்தாக வேண்டும். அவர்களுடைய பாஸ்கா இரவு விருந்தின் தொடக்கத்திலேயே, பசித்தவர் எவரும் வந்து சாப்பிடலாம் என்று வாய்விட்டு அழைக்கிறார்கள். சீக்கியர்களின் லங்கரில் பணக்காரரும் பரதேசியும் ஒரே வரிசையில் ஒரே தரையில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு, சாதி மதம் பார்க்காமல் வருகிற எல்லோருக்குமாக இன்றும் எரிகிறது. லங்கரும் தருமசாலையும் நாள் கிழமை பார்ப்பதில்லை, தினமும் நடக்கின்றன. திருநாளுக்கென்று உள்ள கடமை ஒன்று, தினசரிப் பசிக்கு உள்ள கடமை ஒன்று. உங்கள் குடும்ப வழக்கத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கட்டும்.

இனி சாப்பாடு. நம் வீட்டு விருந்தில் எது விசேஷமோ அதையே கொடுக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் சாப்பிடப் போகிறவரின் வாயையும் வயிற்றையும் நினைத்துப் பாருங்கள். தெருவில் நீண்டகாலம் இருந்தவர்களுக்குப் பல் பிரச்சினை மிக அதிகம். பல் மருத்துவரைப் பார்க்க வழியில்லாமல் வலியோடே வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. கடினமாக வறுத்தது, முழுக் கொட்டைகள், மெல்ல நேரமெடுக்கும் இறைச்சி எல்லாம் அவர்களுக்கு வேதனை. எங்கள் தங்குமிடத்தில் ஒரு பெரியவர் தட்டில் வைத்த ரொட்டியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டு, குழம்பை மட்டும் குடிப்பார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் ரொட்டியைக் குழம்பிலேயே ஊறவைத்துக் கொடுத்தபோது இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அப்போதுதான் தெரிந்தது, முன்வரிசையில் அவருக்குப் பல்லே இல்லை. கேட்டால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

நன்றாக வெந்த, மென்மையான, கையிலோ கரண்டியிலோ எளிதாகச் சாப்பிடக்கூடிய உணவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காரமும் எண்ணெயும் அளவாக இருக்கட்டும். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவருக்கு வயிறு கலங்கினால் அது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். இரவில் கழிப்பறைக்குப் போக வழியில்லை என்பதற்காகச் சாயங்காலமே சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். நீங்கள் நீட்டும் சாப்பாட்டை ஒருவர் வேண்டாம் என்றால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கலாம். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீரிழிவு நோய் உள்ளவர்களும் நிறையப் பேர். பண்டிகை என்றால் இனிப்பு என்று எல்லோரும் இனிப்பையே கொண்டுவந்து குவிப்பார்கள். மாத்திரை ஒழுங்காகக் கிடைக்காதவருக்கு, அன்றைய நாளின் ஒரே சாப்பாடு இனிப்பாக மட்டும் இருந்தால் உடம்புக்கு ஆபத்து. இனிப்பு இல்லாத ஒரு வகையும் கையில் இருக்கட்டும். மாமிசம் சாப்பிடாதவர்கள், குறிப்பிட்ட மாமிசத்தைத் தொடாதவர்கள், உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. பொட்டலத்தின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்கு இது அருமையான வேலை. கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்குக் கொடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் அந்த வயதுக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

பல நாள் எதுவுமே சாப்பிடாத ஒருவரைச் சந்தித்தால் இன்னும் கவனம் தேவை. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற உப்புகளின் அளவு சட்டென்று இறங்கி இதயமே பாதிக்கப்படலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் கண்ட விபரீதம் இது. அப்படிப்பட்டவர் மிகவும் சோர்ந்து, குழப்பமாகப் பேசினால் "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று வற்புறுத்தாமல் மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பதும் நாற்பது பேருக்குச் சமைப்பதும் ஒன்றல்ல. பெரிய பாத்திரத்தில் சமைத்தது மெதுவாகத்தான் ஆறும், அந்த மிதமான சூட்டில்தான் கிருமிகள் பெருகும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலைதான் ஆபத்தானது. சமைத்த உணவை அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கடும் வெயில் காலம் என்றால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை பெருகி நஞ்சைச் சுரக்கும். திரும்பச் சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது. முந்தின நாள் மிச்சமானதைச் சூடுபடுத்திக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். கடைசியாகச் சமைத்து, சுடச்சுட மூடி, சூடு தாங்கும் பெட்டியில் வைத்து நேரே கொண்டு போங்கள். அல்லது ஆழமில்லாத தட்டங்களில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, குளிரூட்டி, கொடுக்கும் இடத்தில் 70 டிகிரிக்கு மேல் சூடாக்குங்கள். கொடுக்கும்போதே "இதை இப்பவே சாப்பிட்டுடுங்க, ராத்திரிக்கு வைக்க வேண்டாம்" என்று சொல்லுங்கள். ராத்திரிக்கு எடுத்து வைத்துக்கொள்ளவும் அவருக்கு ஏதாவது வேண்டும்தானே? அதற்குத் தோல் உரித்துச் சாப்பிடும் பழம், உலர்ந்த தின்பண்டம், மூடி திருகும் தண்ணீர் பாட்டில் என்று தனியாக ஒரு பை கொடுங்கள். டின்னில் அடைத்தது என்றால் கையாலேயே இழுத்துத் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். கரண்டி, கை துடைக்கத் தாள், குப்பை போட ஒரு பை, இந்த மூன்றும் மறந்துபோகிற பொருட்கள். சாப்பிட்ட இடத்தில் குப்பை கிடந்தால் மறுநாள் காலையில் அங்கிருந்து விரட்டப்படுவது நீங்களல்ல, அவர்கள். கிளம்பும் முன் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள். நாய் வளர்ப்பவர்கள் பலர் தங்கள் பங்கில் பாதியை நாய்க்குத்தான் கொடுப்பார்கள். அதற்கென்று கொஞ்சம் தனியாக எடுத்துப் போனால் அவர் முகத்தில் வரும் சந்தோஷமே வேறு.

கொடுக்கும் விதத்துக்கு வருகிறேன். நேரில் தெருவில் கொடுப்பதானால், நின்றுகொண்டு மேலிருந்து நீட்டாதீர்கள். குனிந்தோ உட்கார்ந்தோ, கண்ணுக்கு நேராகப் பார்த்து, "ஐயா, வணக்கம். நாங்க கொஞ்சம் சாப்பாடு கொண்டுவந்திருக்கோம், உங்களுக்கு வேணுமா?" என்று கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர் பெயரைச் சொன்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். வேண்டாம் என்றால், "சரிங்க" என்று நகர்ந்துவிடுங்கள். தூங்குபவரை எழுப்பாதீர்கள். இரவில் பொருள் திருடு போகும் என்ற பயத்தில் விழித்தே இருந்து, பகலில்தான் அவர் கண் அயர்ந்திருப்பார்.

முடிந்தால் இரண்டு வகையாவது கொண்டு போங்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எங்கள் இடத்தில் இரண்டு பெட்டிகளைத் திறந்து காட்டி, "மாமா, உங்களுக்கு இது வேணுமா, அது வேணுமா?" என்று ஒருவரிடம் கேட்டாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை காத்திருந்தது. அவர் அவசரப்படவில்லை. கடைசியில் ஒன்றைக் காட்டி, "இதுல கொஞ்சம் கம்மியா, அதுல கொஞ்சம் வை பாப்பா" என்றார். அன்று முழுக்க அவர் வேறு எதையும் அத்தனை நிதானமாகச் செய்து நான் பார்க்கவில்லை. எங்கே நிற்க வேண்டும், எப்போது எழுந்து போக வேண்டும், எதைத் தின்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்யும் வாழ்க்கையில் இருக்கிறவருக்கு, தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் வாய்ப்பும் சாப்பாட்டின் ஒரு பகுதிதான். பொட்டலம் கட்டும் வேலை கொஞ்சம் கூடும். அது பரவாயில்லை.

ரோம் நகரில் சாந்த் எஜிதியோ என்ற சமூகம் 1968-ல் தொடங்கியது. அவர்கள் 1982-ல் திராஸ்தேவெரே பகுதியில் உள்ள சாந்தா மரியா தேவாலயத்துக்குள்ளேயே மேசை போட்டு, ஏறக்குறைய 20 பேருக்கு கிறிஸ்துமஸ் விருந்து வைத்தார்கள். வந்தவர்களில் அந்தப் பகுதியின் முதியவர்களும் வீடற்றவர்களும் இருந்தார்கள். அந்த விருந்து இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, பரிமாறுகிறவரும் சாப்பிடுகிறவரும் யார் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒரே மேசையில் உட்காருவதுதான். தங்குமிடத்தில் நீங்கள் சமைக்கும் நாளில், பரிமாறி முடித்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்காருங்கள். நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவரைத் தனியாகச் சாப்பிடவிட்டு நாம் நின்று பார்த்துக்கொண்டிருப்போமா என்ன? பேச விஷயமில்லையே என்று தயங்க வேண்டாம். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாலே போதும், பேச்சு தன்னால் வரும். எப்படி இந்த நிலைக்கு வந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

புகைப்படம் வேண்டவே வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஊரைவிட்டு வந்தவர்கள், அடிக்கிற கணவரிடமிருந்து தப்பி வந்தவர்கள், பழைய நண்பர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கூசுகிறவர்கள் அந்த வரிசையில் நிற்பார்கள். ஒரு படம் அவர்களுடைய உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளைகளின் நினைவுக்காக என்றால் உங்கள் சமையலறையில் சமைக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டீர்கள். இரண்டு பேரையுமே கூட்டிப் போகலாம். ஆனால் சின்னவருக்கு முதல் வருடம் தங்குமிடமே போதும், தெருவுக்கு வேண்டாம். எழுதி ஒட்டுவது, பழம் எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் ஊற்றுவது போல அவருக்கென்று திட்டமான ஒரு வேலை இருக்கட்டும். வேலை இல்லாத குழந்தை வேடிக்கை பார்க்கும், வேடிக்கை பார்க்கப்படுகிறவருக்கு அது வலிக்கும். போகும் முன்பே பேசுங்கள். சிலருடைய உடம்பில் வாடை வரலாம், சிலர் தனக்குத்தானே பேசலாம், சிலர் கோபமாக இருக்கலாம். குளிக்கவும் தூங்கவும் இடமில்லாமல் பல நாள் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும் என்று சொன்னால் எட்டு வயதுக்குப் புரியும். பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பயமாக இருந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள்: "பார்த்தியா, நீ எவ்வளவு கொடுத்து வைத்தவன்!" எல்லாப் பெற்றோர்களும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதரை அது பாடப்புத்தகத்துப் படமாக ஆக்கிவிடுகிறது. அவர் காதில் விழும் தூரத்திலேயே இதைச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். "அவருக்கு ஏன் வீடு இல்லை?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. சோம்பேறித்தனம், குடி என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். வாடகை கட்ட முடியாமல் போவது, வேலை போவது, நோய், குடும்பத்தில் அடிதடி, மனநலப் பாதிப்பு என்று காரணங்கள் பல. ஒரே மனிதரிடம் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு இதை ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசலாம்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பொது இடத்தில் உணவு வழங்கச் சில நகரங்களில் அனுமதி வேண்டும். அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் 2014-ல் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, பூங்காவில் சாப்பாடு கொடுத்த 90 வயதான ஆர்னால்ட் அபட் மீது காவல்துறை நடவடிக்கை எடுத்தது, உலகமே அதைப் பேசியது. பின்னர் அதே நகரைச் சேர்ந்த வேறொரு குழுவின் வழக்கில், பூங்காவில் உணவைப் பகிர்வதும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வரும் செயல் என்று 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவர்களை வழக்குகளிலிருந்து காக்கவும் அந்த நாட்டில் 1996-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. உங்கள் ஊர் விதி என்ன என்பதை அங்கே ஏற்கெனவே உணவு கொடுத்துவரும் குழுவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, உண்மையிலேயே பயன் உண்டா என்ற கேள்வி. அன்றைய பசிக்கு நிச்சயமாக உண்டு, அது சின்ன விஷயமும் இல்லை. வீடில்லாத நிலையை ஒரு வேளைச் சாப்பாடு மாற்றாது என்பதும் உண்மை. அதை மாற்றுவது வீடு. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், குடியை விட்டால்தான் வீடு, சிகிச்சைக்கு வந்தால்தான் வீடு என்ற நிபந்தனைகளை எடுத்துவிட்டு, முதலில் வீட்டைக் கொடுத்துப் பிறகு மற்ற உதவிகளைச் செய்யும் முறையைத் தொடங்கினார். பின்லாந்து 2008 முதல் இதை அரசின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டு, நீண்டகாலம் வீடின்றி இருந்தவர்களின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்துக் காட்டியது. ஐக்கிய நாடுகள் 1948-ல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆவது பிரிவிலும் உணவு, உடை, உறைவிடம் மூன்றும் சேர்ந்தேதான் வருகின்றன. ஆகவே உங்கள் ஊரில் தங்குமிடமோ மலிவு வாடகை வீடோ கட்டும் பேச்சு வரும்போது, "எங்கள் தெருவில் வேண்டாம்" என்று சொல்லும் கூட்டத்தில் உங்கள் குடும்பம் சேராமல் இருப்பதும் இந்த வழக்கத்தின் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கக்கூடிய இன்னொரு நல்ல பொருள் தகவல். முன்னால் சொன்ன ரோம் சமூகத்தினர், எங்கே சாப்பிடலாம், எங்கே தூங்கலாம், எங்கே குளிக்கலாம் என்று ஒரு கையடக்க நூலையே தயாரித்து வீடற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். உங்களால் ஒரு தாளில் அதைச் செய்ய முடியும். பண்டிகை விடுமுறையில் திறந்திருக்கும் தங்குமிடம், இலவச மருத்துவமனை, குளியலறை, கைபேசிக்கு மின்னேற்றம் செய்யக் கிடைக்கும் இடம், இவற்றின் முகவரியும் நேரமும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு இடத்தையும் தொலைபேசியில் கூப்பிட்டு, விடுமுறை நாட்களில் நேரம் மாறுகிறதா என்று உறுதி செய்துகொண்டு எழுதச் சொல்லுங்கள். பழைய தகவலை நம்பி ஒருவர் பாதி ஊரை நடந்து கடந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது.

எத்தனை பேருக்குச் செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் தடுமாறுகிற இடம் அது. முதல் வருடமே நூறு பேர் என்று கிளம்பினால் சமைக்கிறவர் (பெரும்பாலும் வீட்டில் ஒரே ஒருவர்தான்) களைத்து விழுந்து, அடுத்த வருடம் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். உங்கள் வீட்டில் எத்தனை பேரோ அதைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் வேண்டாம். வேலையை எல்லோரும் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போக வேண்டிய தேதியை, இந்த முறை பாத்திரம் கழுவி முடிப்பதற்குள்ளேயே பேசி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்தத் தேதி அடுத்த பண்டிகை வரை தள்ளிப்போகாமல் இரண்டு மூன்று மாதத்துக்குள் வரும்படி பார்த்துக்கொண்டால், தங்குமிடத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் பிள்ளைகளின் முகம் நினைவிருக்கும்.